மேசையில் தமிழ் மட்டும்

வில்லாபுரத்தில் நாகசுப்பிரமணியனைத் தெரியாதவர்கள் கிடையாது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தெருமுனையில் அடிக்கடி வெடிக்கிற டிரான்ஸ்பார்மரையும்தான் எல்லோருக்கும் தெரியும்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு நூல் கடையில் அவர் கணக்கு எழுதினார். அங்கே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் எவருமில்லை. முதலாளி கை தட்டுவார், இவர் எழுந்து போவார். ஆனால் ஆடி பிறந்துவிட்டால் அதே மனிதர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும், கழுத்தில் விசிலும், கையில் மைக்குமாக வேறு ஆளாகிவிடுவார். ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடக்கும். நாலு பேர் புழங்கினால் எலி அண்டாது என்று வில்லாபுரத்து மண்டபக்காரர் ஒருவர் தம் மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா விட்டுக்கொடுத்தார். அங்கேதான் நாகசுப்பிரமணியன் நடத்தும் 'ஆடிக் கோப்பை' இருபத்தெட்டுச் சீட்டுப் போட்டி. முதல் பரிசு ஒரு கோப்பை, ஆளுக்கொரு குக்கர். காசு வைத்து ஆடுவது அறவே கூடாது. மாப்பிள்ளையும் பெண்ணும் வரவேற்புக்கு உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் இரண்டு மேடையில் கிடக்கும். அதில் மாப்பிள்ளை சிம்மாசனத்தில் இவர் உட்கார்ந்துகொள்வார். அந்தக் கோலத்தைப் பார்க்கும் அவர் மனைவி ஹம்சவேணி, "பக்கத்து நாற்காலிக்கு ஆள் தேடிக்கங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்பாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று அதையும் இங்கே தமிழிலேயே சொல்லிவிடலாம்.

இருபத்தெட்டு நாலு பேர் ஆடுகிற ஆட்டம். எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஏலத்தில் கேட்டு எடுத்தவன் தன் துருப்பு இஸ்பேடா, ஆர்ட்டினா, டைமனா, கிளாவரா என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பான். அது என்னவென்று அவனைத் தவிர எவனுக்கும் தெரியாது. கூட்டாளிக்கே தெரியக் கூடாது. அந்தக் கூட்டாளிக்கு மட்டும் எப்படியாவது தெரியப்படுத்திவிட வேண்டும் என்று மதுரைச் சீமையில் மனிதர்கள் பண்ணுகிற கோணங்கித்தனத்துக்கு அளவே இல்லை. காதைச் சொறிந்தால் ஒரு இனம், மூக்கை உறிஞ்சினால் ஒரு இனம். தோளில் கிடக்கும் துண்டை இடமிருந்து வலம் மாற்றினால் ஒன்று, வலமிருந்து இடம் மாற்றினால் வேறொன்று. திருமங்கலத்துக்காரர் ஒருவர் ஏப்பத்தையே இரண்டு தினுசாக விடுவார்.

இந்தக் கூட்டத்தின் மேல் நாகசுப்பிரமணியனுக்கு இருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சமல்ல. சீட்டாடுகிறவன் எவனும் மனிதனே இல்லை என்பது அவர் கட்சி. அப்படியானால் ஏன் வருஷா வருஷம் அவர்களைக் கூட்டிவைத்துச் சோறு போடுகிறார் என்று கேட்கலாம். அவருக்கு ஆட வராது. ஒரு காலத்தில் ஆடிப் பார்த்தார். கையில் ஒரு ஜாக்கி வந்துவிட்டால் போதும், இருபத்து மூன்று, இருபத்து நாலு என்று ஏலத்தை ஏற்றிவிட்டுக் கூட்டாளியையும் சேர்த்துக் குப்புறத் தள்ளுவார். கடைசியில் அவருக்குக் கூட்டுச் சேர ஒருவரும் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஒரு படி மேலே போய், கூடத்துக்கே நாட்டாமை ஆகிவிட்டார்.

நாட்டாமை என்றால் சாதாரண நாட்டாமையா! துண்டு போட்டு வருகிறவர்கள் வாசலிலேயே துண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இருமல் வந்தால் விசில் ஊதும் வரை அடக்கிக்கொண்டு, பிறகு கை கழுவுகிற இடத்துக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். காதில் கை போனால் எச்சரிக்கை, மூக்கில் கை போனால் தண்டனை. "நடுவர் தீர்ப்பே இறுதியானது, யோசிச்சுச் சொல்றேங்கற பேச்சே இங்க கெடையாது" என்று மைக்கில் மணிக்கொரு தடவை முழங்குவார். தீர்ப்பு பல தடவை தப்பாக இருக்கும். ஆனால் உடனே வந்துவிடும்.

அவர் போட்ட விதிகளிலேயே அவர் பெரிதாகப் பீற்றிக்கொள்வது ஒன்று உண்டு. சௌராஷ்டிரக்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் தங்கள் பாஷையில் பேசிப் பேசியே ஆடுகிறார்கள், எங்களுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை என்று ஒரு வருஷம் மேலூர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வருஷமே நாகசுப்பிரமணியன் மேடையேறி, "மேசையில் தமிழ் மட்டும். வேறு பாஷை பேசினால் ஆட்டம் எதிரணிக்கு" என்று அறிவித்தார். சொந்த சனங்கள் முறைத்தார்கள். அவரோ தாய்மொழியையே நியாயத்துக்காகத் தியாகம் செய்துவிட்டதாக நூல் கடையில் கேட்பாரற்ற சுவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவருடைய இந்தப் பெருமைக்குக் கப்பம் கட்டியவள் மகள் மீனலோசனி. தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. இருபத்தாறு வயது. வந்த வரன்கள் எல்லாம் வாசல் வரை வந்து திரும்பின. விசாரிக்கிற இடத்தில் எவனாவது, "பொண்ணோட அப்பா சீட்டு நடத்துறாரு" என்பான். அந்த வருஷங்களில் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். சீட்டு நடத்துகிறவன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்? அந்தச் சீட்டு வேறு, இந்தச் சீட்டு வேறு என்று ஹம்சவேணி விளக்கப் போனால், "சூதாட்டமா?" என்று இன்னும் வேகமாக ஓடினார்கள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு வரன் ஓடாமல் நின்றது. கீழவாசல் ஜவுளிக்கடை வெங்கடேஷ்பாபுவின் மகன் கார்த்திகேஷ். அப்பனும் பிள்ளையும் சீட்டுப் பைத்தியங்கள், ஆடிக் கோப்பைக்கு ஜோடி சேர்ந்து ஆட வருகிறவர்கள். அதனால் அவர்களுக்குச் சீட்டு என்றால் என்ன சீட்டு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பையனை மீனலோசனிக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தபோது, "போட்டிக்குப் புள்ளி போடறது நீங்கதானே? உங்க கையெழுத்து நல்லாருக்கு" என்றான். ஒரு பெண்ணுக்குப் பிடித்துப்போக அந்தக் காலத்தில் அது போதும். ஆடி கழிந்ததும் நிச்சயம் என்று பேச்சு.

இறுதி ஆட்டத்தன்று காலையில் ஹம்சவேணி புருஷனுக்கு இட்லியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு அவங்க ஆடறாங்க. ஒங்க விசிலை ஊதி எம்மக வாழ்க்கைல மண்ணைப் போட்டுறாதீங்க."

"ஆட்டம் வேற, சம்பந்தம் வேற" என்றார் நாகசுப்பிரமணியன். 

இறுதியில் வெங்கடேஷ்பாபுவையும் கார்த்திகேஷையும் எதிர்த்து உட்கார்ந்தது ஒத்தக்கடை ஜோடி. சின்னக்கருப்பன் பிளாட் புரோக்கர். மேலூர் ரோட்டில் புதிதாக முளைக்கிற வீடுகளில் பாதிக்குத் தானே கல் நட்டதாகச் சொல்லிக்கொள்ளும் வாய்ச்சவடால்காரர். விரலுக்கு ஒரு மோதிரம். அவருடைய கூட்டாளி காளை பேசவே மாட்டான். இருவருக்கும் சேர்த்துச் சின்னக்கருப்பனே பேசிவிடுவார். "என்னண்ணே, மாப்ள சீட்ல ஒக்காந்திருக்கீக, பொண்ணு எங்க?" என்று வந்ததும் வராததுமாக நடுவரையே கேட்டார். கூட்டம் சிரித்தது. நாகசுப்பிரமணியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. மேசையை ஒட்டிக் கரும்பலகைப் பக்கம் மீனலோசனி சாக்குக்கட்டியோடு நின்றாள். வெங்கடேஷ்பாபு ஏலம் எடுத்துத் துருப்பைக் கவிழ்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, மகனைப் பார்த்துச் சௌராஷ்டிரத்தில் முனகினார்: "வீட்ல காலைலேர்ந்து தண்ணி வரல."

நாகசுப்பிரமணியனின் கை விசிலுக்குப் போனது. பிறகு சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. அப்பன் பிள்ளையிடம் குடும்பக் கஷ்டம் சொல்கிறான், அதற்கெல்லாமா ஊதுவது என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாம் தடவை ஏலம் எடுத்தபோது வெங்கடேஷ்பாபுவுக்குத் தலைவலி. அதற்கடுத்த தடவை ஜவுளிக்கடையில் வேலைக்கு ஆள் வரவில்லை. பிறகு மறுபடியும் வீட்டில் தண்ணீர் வரவில்லை. எல்லாம் வீட்டுப் பாஷையில். இருபது வருஷம் ஏப்பத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்த நடுவருக்கு இது விளங்காமல் இருக்குமா? தண்ணீர் என்றால் இஸ்பேட், தலைவலி என்றால் ஆர்ட்டின், கடை என்றால் டைமன் என்று நாலாவது கைக்குள்ளேயே விளங்கிவிட்டது. விளங்கியும் சிம்மாசனத்தில் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். காதைச் சொறிந்ததற்காக ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் போட்டியை விட்டே துரத்திய சூரர்!

கரும்பலகைப் பக்கம் நின்ற மீனலோசனிக்கும் காது இருந்தது. அவள் கார்த்திகேஷைப் பார்த்தாள். அவன் அப்பா முனகும்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, அந்த இனத்துச் சீட்டாகப் பார்த்து இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு தடவை அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். அவள் பலகைப் பக்கம் திரும்பிப் புள்ளியை எழுதினாள்.

ஆனால் நடந்தது வேறு. தண்ணீர் வராத கையிலெல்லாம் வெங்கடேஷ்பாபு தோற்றார். சின்னக்கருப்பன் துருப்பைக் கூடவே உட்கார்ந்து கவிழ்த்தவர்போல ஆடினார். எந்தச் சீட்டைப் பிடித்து வைக்க வேண்டுமோ அதைப் பிடித்து வைத்தார், எப்போது துருப்பைத் திறக்கச் சொல்ல வேண்டுமோ அப்போது சொன்னார். கடைசிக் கையில் வெங்கடேஷ்பாபு ஆத்திரத்தில் இருபத்திரண்டு கேட்டு, பாதி தூரம்கூடப் போகாமல் சுருண்டார். கோப்பை ஒத்தக்கடைக்கு என்று ஆகிவிட்டது.

சின்னக்கருப்பன் அத்தோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? சீட்டைக் கீழே போட்டுவிட்டு, வெங்கடேஷ்பாபுவைப் பார்த்து, சுத்தமான சௌராஷ்டிரத்தில், கீழவாசலில் பிறந்து வளர்ந்தவர்போல, "வீட்டுக்குப் போயி மொதல்ல குழாயைத் தொறந்து பாருங்க, தண்ணி வந்திருக்கும்" என்றார்.

மண்டபத்தில் இருந்த சௌராஷ்டிரக்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தமிழ்க்காரர்கள் என்ன என்ன என்று கேட்டு, விவரம் தெரிந்து, அவர்கள் ஒரு ரவுண்டு சிரித்தார்கள். தங்கள் பாஷை தங்களைத் தவிர மதுரையில் எவனுக்கும் தெரியாது என்பது வெங்கடேஷ்பாபு போன்றவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. கடையில் வாடிக்கையாளரை எதிரே நிறுத்திவைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசிப் பேசி வந்த பழக்கம். எதிரே நிற்கிறவன் சௌராஷ்டிரக்காரர் சாயப்பட்டறையில் வளர்ந்தவனாக இருக்கலாம் என்கிற நினைப்பே வராது.

"மொதக் கையில தண்ணி வரல, சரி" என்று சின்னக்கருப்பன் இப்போது தமிழில் எல்லோருக்குமாகச் சொன்னார். "ரெண்டாங் கையில தலவலி. பெறகு கடையில ஆளு இல்ல. ஒரு மனுசனுக்கு அரைமணி நேரத்துல இம்புட்டுக் கஷ்டமான்னு எனக்கே பாவமாப் போச்சுண்ணே. அப்பறம் பாத்தா, தண்ணி வராதப்பெல்லாம் இஸ்பேட்டு!"

வெங்கடேஷ்பாபுவுக்கு முகம் செவசெவ என்று ஆகிவிட்டது. வெட்கத்தில் அல்ல, கோபத்தில். மேடையைப் பார்த்துக் கத்தினார்: "இவனுக்கு நம்ம பாஷை தெரிஞ்சிருக்கு! தெரியாத மாதிரி நடிச்சு ஒட்டுக்கேட்டிருக்கான்! இது மோசடி இல்லையா? கேக்கறவங்க இல்லையா? சம்பந்தி, நீங்க சொல்லுங்க!"

அதுவரை நாகசுப்பிரமணியனை அவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி என்ற வார்த்தை அன்றைக்குத்தான், அந்த நிமிஷத்தில்தான் அவர் வாயிலிருந்து வந்தது. திருடப் போன இடத்தில் விழித்திருந்தவன்மேல் வழக்குப் போடுகிற மனிதர் அவர். ஆனால் அந்த ஒரு வார்த்தை நாகசுப்பிரமணியனுக்கு வெண்ணெய்போல இறங்கியது. பெண்கள் வரிசையில் ஹம்சவேணி கையைப் பிசைந்துகொண்டு நின்றதையும் பார்த்தார். வாசல் வரை வந்து திரும்பிய வரன்கள் எல்லாம் மனதில் வந்து போயின. மனிதர் பயந்துவிட்டார்.

விசிலை ஊதினார். மைக்கை எடுத்தார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். மேசையில் தமிழ் மட்டும். ஆட்டம் முடிஞ்சு மேசையை விட்டு எந்திரிக்கிறதுக்கு முந்தி, சின்னக்கருப்பன் அவர்கள் வேறு பாஷையில பேசியிருக்காரு. இத்தனை பேரும் கேட்டிருக்கீங்க. அதனால ஆட்டம் எதிரணிக்கு. கோப்பை வெங்கடேஷ்பாபு, கார்த்திகேஷ் ஜோடிக்கு."

 காலையிலிருந்து வீட்டுப் பாஷையிலேயே முனகியவர் வாயில் தமிழ்தான் இருந்தது போலும்! அந்த விதியால் யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஊரெல்லாம் பீற்றினாரோ, அவன் தலையிலேயே அதைப் போட்டு உடைத்தார். தீர்ப்பும் வழக்கம்போல உடனே வந்துவிட்டது.

காளை, பேசவே பேசாத காளை, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். சின்னக்கருப்பன் அவன் தோளில் கை வைத்து அமுக்கினார். அவருக்குக் கோபம் வரவில்லை. நடுவரை மேலும் கீழும் பார்த்தார், சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விடுகிற மாட்டைப் பார்க்கிற மாதிரி.

"அண்ணே, நான் ஒங்க பாஷையக் கத்துக்கிட்டது இந்த வில்லாபுரத்துச் சாயப்பட்டறையிலதான். சின்னதுல நூல் முக்கப் போவேன். நான் செய்யாத தப்புக்கெல்லாம் அந்தப் பாஷையில வய்வாக. இன்னிக்கி நீங்க தமிழ்ல வஞ்சிருக்கீக. அம்புட்டுத்தான் வித்தியாசம். வாரோம்ணே." கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஒத்தக்கடைக்காரர்கள், மேலூர்க்காரர்கள், திருமங்கலத்துக்காரர்கள் எல்லோரும் எழுந்து போனார்கள். கைதட்ட ஆளில்லாமல் அப்பனும் பிள்ளையும் கோப்பையையும் குக்கர்களையும் வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வெங்கடேஷ்பாபு குடும்பத்தோடு வில்லாபுரத்து வீட்டுக்கு வந்தார். ஆடி என்பதால் தாம்பூலம் மாற்றவில்லை, பூவும் பழமும் மட்டும் ஒரு தட்டில். ஆவணியில் முதல் முகூர்த்தம் என்று அவரே சொல்லிவிட்டார். கிளம்பும்போது நாகசுப்பிரமணியனின் முதுகில் தட்டி, "சம்பந்தின்னா இப்படித்தான் இருக்கணும். எங்க நிக்கணுமோ அங்க நிக்கிறீங்க" என்றார். நூல் கடை முதலாளி கை தட்டும்போது வருகிற அதே சிரிப்பு நாகசுப்பிரமணியனின் முகத்தில் வந்தது. கார்த்திகேஷ் செருப்பை மாட்டிக்கொண்டே மீனலோசனியிடம், "உங்க அப்பா கெட்டிக்காரர், பாயிண்டைப் பிடிச்சாரு பாருங்க" என்றான். நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னான்.

அவர்கள் தெருமுனை தாண்டும் வரை ஹம்சவேணி வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. நாகசுப்பிரமணியன் நாற்காலியில் சாய்ந்து, "எல்லாம் ஒனக்காகத்தாம்மா" என்றார்.

மீனலோசனி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "தெரியும்ப்பா. அதனாலதான் கேக்குறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு அந்த வீட்டுல எனக்கும் அவங்களுக்கும் ஒரு தகராறு வருதுன்னு வைங்க. நான் சொல்றதுதான் நியாயம்னு உங்களுக்கே தெரியுது. ரெண்டு பக்கமும் உங்க முன்னால வந்து நிக்கிறோம். அவரு 'சம்பந்தி, நீங்க சொல்லுங்க'ங்கறாரு. நீங்க என்னப்பா சொல்லுவீங்க?"

வேறு எந்த அப்பனாக இருந்தாலும், பொய்யாகவாவது, "ஒம்பக்கந்தான் சொல்லுவேன்" என்றிருப்பான். நாகசுப்பிரமணியன் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். அவள் காலையிலிருந்து பலகைப் பக்கத்திலேயே நின்றவள், எல்லாவற்றையும் கேட்டவள், அவளிடம் எந்தப் பொய்யும் நிற்காது என்பது அந்த மரமண்டைக்கும் உறைத்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

மீனலோசனி தலையை ஆட்டினாள். வந்தவர்கள் வைத்துவிட்ட பூவைத் தலையிலிருந்து எடுத்துத் தட்டில் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

ஹம்சவேணி புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தட்டை ஒரு துணி போட்டு மூடி, காலையில் கீழவாசலுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வாகாக வாசல் பக்கத்து அலமாரியில் வைத்தாள்.